ஒரு வெட்டில் அடங்கிய பாடம்

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. கண்ணாடி மேசைமேல் ஒரு காலி கேபினெட். இருபது வயது மதிக்கத்தக்க பையன், கையில் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர். மதர்போர்டைப் படுக்க வைக்கிறான், சிப்பை இறக்குகிறான், ரேமை அழுத்துகிறான், ஒயர்களைச் செருகுகிறான். நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் திரையில் எழுத்து வந்துவிடுகிறது.

"எங்க தம்பி படிச்சீங்க?" என்று கேட்டால், "கடையில பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் சார்" என்கிறான்.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய புதிர். அவன் விரல் நுனியில் பிடித்து இறக்கிய அந்தச் சிப்புக்குள் நூறு கோடிக்கும் மேற்பட்ட மின் சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றின் இயக்கத்தை அவன் எங்கும் படிக்கவில்லை. ஆனாலும் அவன் கட்டிய கணினி ஓடுகிறது. இணையதளங்களிலும் இதே கதைதான். வணிகவியல் படித்தவர்கள், வேதியியல் படித்தவர்கள், கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் தாமாகக் கற்றுத் தளங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இதயத்தை இப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்று யாரும் அறுவை செய்ய முடியாது. கணினியில் மட்டும் இது எப்படிச் சாத்தியமாயிற்று?

பட்டியலில் ஏழு வரி

கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் ஏழு வரிகள் இருக்கும். கணக்குப் போடும் பிராசஸர். எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை. நடந்துகொண்டிருக்கும் வேலையை வைத்திருந்து, மின்சாரம் போனதும் மறந்துவிடும் ரேம். மறக்காமல் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். இவற்றைத் தாங்கும் கேபினெட். கடைசி வரியில் மானிட்டரும் கீபோர்டும் மவுஸும்.

ஏழு பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 சோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சோடியும் எப்படிப் பேசிக்கொள்கிறது என்று தெரிந்தால்தான் கணினி கட்டலாம் என்றிருந்தால், ரிச்சி தெருவே இருந்திருக்காது. தாய்ப்பலகை நடுவில் வந்து உட்கார்ந்ததும் 21 என்பது 6 ஆகிவிடுகிறது. மற்ற ஆறும் பலகையோடு எங்கே சேர்கின்றன என்று தெரிந்தால் போதும். கற்க வேண்டியது சுருங்கிவிட்டது. இன்னும் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அறிய, ரேமைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சின்ன வெட்டு

மேசைக் கணினியின் ரேம் சுமார் 13 சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சை அல்லது கறுப்புத் தகடு. அடி விளிம்பில் தங்கமுலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். டிடிஆர்3 என்ற தலைமுறையில் 240 பற்கள், அடுத்து வந்த டிடிஆர்4-இல் 288. அந்தப் பல்வரிசையின் நடுவே ஓரிடத்தில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. அது சரியாக நடுவில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். பலகையில் உள்ள பள்ளத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கும். திருப்பிப் போட்டால் வெட்டும் மேடும் சேராது, ரேம் உள்ளே இறங்காது.

டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட். ஒன்றின் பள்ளத்தில் மற்றதைப் போட்டுவிடக் கூடாது. அதற்காக ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு வெட்டின் இடத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்தியிருக்கிறார்கள். மின்னழுத்தம் பற்றி ஒன்றுமே அறியாதவர் கையிலும் அந்த வெட்டு அறிவோடு நடந்துகொள்கிறது. பொறியாளர்கள் மாதக்கணக்கில் பேசி எடுத்த முடிவு, விரலுக்குத் தட்டுப்படும் ஒரு வடிவமாகிவிட்டது.

இப்படி இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தையும், அந்த இடத்தில் இரண்டும் கட்டுப்பட்டிருக்கும் ஒப்பந்தத்தையும் சேர்த்து 'இடைமுகம்' என்கிறோம். வீட்டில் நமக்குப் பழக்கமான இடைமுகம் மூன்று முள் பிளக். அடையாறில் வாங்கிய மிக்ஸி தி.நகர் வீட்டுச் சுவரில் பொருந்துவது, மிக்ஸி செய்தவரும் சுவரில் சாக்கெட் வைத்தவரும் நேரில் சந்திக்காமலேயே ஓர் அளவுக்குக் கட்டுப்பட்டதால்தான்.

புதிரின் முதல் முடிச்சு இங்கே அவிழ்கிறது. ரிச்சி தெருப் பையன் கற்றது சிப்பின் உள்ளே நடப்பதை அல்ல, பொருள்களின் முகங்களை. அந்த முகங்களை எண்ணிவிடலாம், தொட்டுப் பார்க்கலாம்.

முகங்களைத் திறந்து வைத்தவர்கள்

இந்த முகங்கள் எல்லோருக்கும் தெரியும்படி எப்படி வெளியே வந்தன? ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் செய்து முடிக்க வேண்டிய அவசரம். அதனால் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களையே வாங்கிச் சேர்த்தார்கள். பிறர் இதற்கு அட்டைகள் செய்து விற்கட்டும் என்று மின்சுற்றுப் படங்களைக் கையேடாகவே அச்சிட்டார்கள்.

சொந்தமாகக் கையில் வைத்துக்கொண்டது 'பயாஸ்' என்ற சின்ன நிரல் ஒன்றை மட்டுமே. மின்சாரம் வந்ததும் கணினியை எழுப்பிவிடும் நிரல் அது. காம்பேக் நிறுவனம் அதற்கும் நேர்மையான வழி கண்டது. ஒரு குழு அந்த நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதியது. மூல நிரலைக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. உள்ளே இருந்தது வேறு நிரல், வெளியே தெரிந்த முகம் ஒன்றே.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பாகங்கள் செய்யலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றாயிற்று. பலகையின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் ஆகியவற்றை 1995-இல் இன்டெல் 'ஏடிஎக்ஸ்' என்ற பெயரில் வரையறுத்தது. இன்றும் நாம் வாங்கும் கேபினெட்டுகள் பெரும்பாலும் அந்த அளவையே தழுவியிருக்கின்றன.

ஆகாததும் பதில்தான்

இடைமுகம் தெரிந்தால் மட்டும் தானாகக் கற்றுவிட முடியுமா? தவறு செய்யும்போது, செய்த தவறு உடனே தெரிய வேண்டும். சமையல் கைவருவது அப்படித்தான். உப்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும்.

நான் முதன்முதலில் கணினி சேர்த்தது தி.நகரில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். பாகங்களை வாங்கி வந்து, தரையில் செய்தித்தாள் விரித்து, மாலை முழுக்க உட்கார்ந்து செருகினேன். சுவிட்சை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமான பீப் ஒலி, ஒரு இடைவெளி, மறுபடி அதே பீப். எல்லாம் எரிந்துபோய்விட்டது என்று கை நடுங்கியது.

பாகங்கள் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். முகம் தெரியாத அந்த அண்ணன் ஒலியைக் கேட்டார். "ரேம்தான் தம்பி. கழட்டி, பென்சில் ரப்பரால அந்த மஞ்சள் பல்லை மெதுவாத் துடைங்க. திரும்பப் போடுறப்போ ரெண்டு பக்கமும் டிக், டிக்னு சத்தம் வரணும்."

துடைத்தேன். கட்டைவிரல்களால் இரு முனையையும் அழுத்தினேன். ஒரு டிக் வந்தது, சற்றுக் கூடுதலாக அழுத்தியதும் இரண்டாவது டிக். பக்கத்துக் கொக்கிகள் இரண்டும் தாமாக மேலேறி ரேமைக் கவ்விக்கொண்டன. மறுபடி சுவிட்ச். இந்த முறை ஒரே ஒரு குட்டைப் பீப், திரையில் வெள்ளை எழுத்து.

பீப்புக்குப் பின்னால் இருப்பது 'தொடக்கச் சோதனை'. எழுந்ததும் பயாஸ் முதலில் தன் உறுப்புகளைத் தொட்டுப் பார்க்கிறது. திரையில் படம் வருவதற்கே ரேம் வேண்டும். ரேம் கிடைக்காவிட்டால் எழுத்தால் சொல்ல வழியில்லை, ஒலியால்தான் சொல்ல முடியும். எத்தனை பீப், எவ்வளவு நீளம் என்பது பலகைக்குப் பலகை மாறும். பலகையோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் அந்த அட்டவணை இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டாவது, பாகங்களைத் தொடும் முன் உலோகக் கேபினெட்டை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடக்கூடும். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றில் அது குறைவு. ஏசி போட்ட அறையின் உலர்ந்த காற்றில் கூடும்.

ஏரிக்கரையில் ஒரு வேதியியலாளர்

கணினி கட்டியாயிற்று. இனி இணையதளம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலையை முன்மொழிந்தது ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை உலகுக்கே பொதுவாக்கியது. இதிலும் முகம் திறந்தே இருந்தது. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், அது எழுதப்பட்ட மூலத்தை உலாவியிலேயே திறந்து படிக்கலாம். நல்ல பக்கம் ஒன்றைக் கண்டால் மூலத்தைத் திறந்து, நகலெடுத்து, ஒரு வரியை மாற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஒரு தலைமுறையே வலைப்பக்கம் எழுதக் கற்றது இப்படித்தான்.

அதே ஜெனீவா ஏரியின் கரையில், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, லோசான் நகரில் கு. கல்யாணசுந்தரம் என்ற தமிழர் ஆய்வாளராக இருந்தார். அவருடைய துறை ஒளி வேதியியல். ஒளி பட்டதும் மூலக்கூறுகளில் நடக்கும் மாற்றங்களை ஆராய்வது அவருடைய வேலை. எழுத்துரு வடிவமைப்பு அவருடைய பாடத்தில் வரவில்லை. ஆனாலும் கணினியில் தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆவலில் தாமே ஒரு தமிழ் எழுத்துருவைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகத் தந்தார். அதன் பெயர் 'மயிலை'. கபாலீசுவரர் கோயில் இருக்கும் நம் மயிலாப்பூரின் பெயர்தான்.

சிங்கப்பூரில் சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, 1995-லேயே தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றியிருந்தார். இணையத் தமிழின் தொடக்கப் பக்கங்களை எழுதியவர்கள் இப்படி வேறு வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். பாடத்திட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

'மயிலை' என்ற ஒரே சொல்

ஒரு வலைப்பக்கம் எழுதுவோம். அதில் ஒரே ஒரு சொல்: மயிலை. இந்தச் சொல்லை ஒழுங்காகத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டால், தமிழ்த் தளம் உருவாக்கத் தேவையான அடிப்படை பிடிபட்டுவிடும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வேண்டும். தொடக்கத்தில் பரவலாக இருந்த அமெரிக்க அட்டவணையில் 128 இடங்கள், அவ்வளவும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும். தமிழில் எழுத்துகள் 247. இடமே இல்லை.

அப்போது எழுத்துருச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்ணை அப்படியே விட்டு, படத்தை மாற்றினார்கள். ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்தின் எண் 109. அந்த இடத்தில் 'ம' என்ற படத்தை வரைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கோப்பில் 109 இருக்கும், திரையில் 'ம' தெரியும். கணினியோ அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத ஊரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். 1990-களில் பல தமிழ்த் தளங்கள் வாசலிலேயே 'முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒருவர் 'ம' வைத்த இடத்தில் இன்னொருவர் வேறெழுத்தை வைத்திருப்பார். எல்லோரிடமும் ரேம் இருந்தது, வெட்டின் இடம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

ஒப்பந்தம் மெல்ல மெல்ல வந்தது. பல நாட்டுத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டி 'தமிழ் 99' விசைப்பலகை பிறந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று உங்கள் போனில் இருப்பது இதுதான்.

இந்த அட்டவணைப்படி நம் சொல்லை எழுதுவோம். ம என்பது 2990. ய என்பது 2991. அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி 3007. ல என்பது 2994. ஐகாரக் குறி 3016. கண்ணுக்கு மூன்று எழுத்து, கோப்பில் ஐந்து எண்கள்.

ஐகாரக் குறியைக் கொஞ்சம் கவனியுங்கள். தாளில் 'லை' எழுதும்போது கை முதலில் இரட்டைச் சுழியைப் போட்டுவிட்டுத்தான் 'ல'வுக்கு வரும். வாய் முதலில் லகரத்தைச் சொல்கிறது, ஐகாரம் பின்னால் வருகிறது. பழைய எழுத்துருக்கள் கையைப் பின்பற்றின. யூனிகோடு வாயைப் பின்பற்றுகிறது. கோப்பில் 2994, பிறகு 3016. திரைக்கு வரும்போது குறியை முன்னால் நகர்த்தி வரைவது மென்பொருளின் பொறுப்பு. இதனால்தான் இன்று தமிழில் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் எளிதாக முடிகிறது. 'ல'வில் தொடங்கும் சொற்களைக் கேட்டால் 'லைலா'வும் தானாக வந்து நிற்கிறது.

இன்னும் ஒரு படி. கோப்பில் ஒரு பெட்டிக்குள் 0 முதல் 255 வரையான எண்தான் அடங்கும். அந்தப் பெட்டியின் பெயர் பைட். 2990 அதில் அடங்காது. யூடிஎஃப்-8 என்ற முறை அதை மூன்று பெட்டிகளாகப் பிரித்துப் போடுகிறது: 224, 174, 174. ஐந்து எண்களுக்கு 15 பெட்டிகள். தமிழுக்கு ஒதுக்கிய அந்த 128 இடங்களில் எந்தக் குறியை எடுத்தாலும் முதல் பெட்டியில் 224 இருக்கும்.

இப்போது பக்கத்தைச் சேமித்துத் திறக்கிறோம். திரையில் தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்த் தளம் செய்தவர்களில் பலரும் இந்தக் குப்பையைப் பார்த்திருப்பார்கள். மேலே பார்த்த எண்களை வைத்து இப்போது அதைப் படித்துவிடலாம். மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 224-க்கு உரியது அந்தச் சாய்கோட்டு 'ஏ', 174-க்கு உரியது அந்த வட்டத்து 'ஆர்'. நம் 15 பெட்டிகளும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதை உலாவி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டது.

பக்கத்தின் தலைப்பகுதியில் 'இது யூடிஎஃப்-8' என்று அறிவிக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்க்கிறோம். மறுபடி திறந்தால் மயிலை பளிச்சென்று நிற்கிறது. அன்று ரேம் கவ்விக்கொண்டபோது கேட்ட இரண்டாவது டிக் எனக்கு நினைவு வருகிறது.

துணையோடு தானாகக் கற்பது

தானாகக் கற்றவர் என்று சொல்லும்போது தனியாகக் கற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. எனக்கு அந்தப் போன் அண்ணன் இருந்தார். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் ஒரு வகுப்பறையில் கூடினார்கள். தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர் கேட்பார். 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள்களையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில், இலவசமாகத் தருகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பது திறந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தத் திறந்த கதவு இப்போது சிப்பு வரைக்கும் வந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடியின் குழு 'சக்தி' என்ற பிராசஸரை வடிவமைத்தது. 2018-இல் அதன் ஒரு வடிவம், சண்டிகர் அருகே அப்போது இந்திய விண்வெளித் துறையின் கீழ் இருந்த ஆலையில் சிப்பாகத் தயாரானது. அதன் வடிவமைப்பு வெளிப்படை. ரிச்சி தெருவில் மூடிய பெட்டியாகக் கையில் வாங்கும் பொருளின் உட்புறத்தை, அடையாற்றங்கரைப் பக்கத்து ஆய்வகம் ஒன்று படிக்கத் தந்திருக்கிறது.

அடுத்தவருக்கு ஒரு தாள்

கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வலையில் ஏற்றும் பணி அது. தொடக்கத்தில் ஏறிய நூல்கள் அக்கால எழுத்துருக்களில்தான் இருந்தன. பிறகு டிஸ்கிக்கு மாறின, அதன்பின் யூனிகோடுக்கு மாறின. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எழுதி வைத்திருந்ததால் எழுத்துகள் தொலையாமல் மாற்ற முடிந்தது. அட்டவணையை வெளியிடாத எழுத்துருக்களில் அன்று தட்டச்சு செய்தவற்றை இன்று திறந்தால் குப்பைதான் வரும்.

புதிருக்கு விடை இதில் முழுமையாகிறது. பொருள்களின் முகங்கள் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். தவறினால் பீப் ஒலியோ திரைக் குப்பையோ உடனே சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் படிக்கும் அட்டவணையை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் யாரும் கற்கலாம். முதல் இரண்டைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, கற்ற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

அதனால் நான் சேர்க்கும் ஒவ்வொரு கணினியிலும், கேபினெட்டின் பக்கத் தகட்டை மூடும் முன் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுகிறேன். சேர்த்த தேதி, பாகங்களின் பெயர், என்ன பழுது வந்தது, எது செய்ததும் சரியாயிற்று. என்றாவது ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு அந்தத் தகட்டைக் கழற்றும்போது, முதலில் கண்ணில் படுவது அந்தத் தாளாக இருக்கட்டும்.